பட்ட மரம் நிற்கட்டும்

நிலத்துக்குப் பறவைகளும் சிறு விலங்குகளும் வர வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள், நான் போய்ச் சேர்வதற்குள் இடத்தைச் சுத்தம் செய்து வைத்துவிடுவார்கள். புதர், சருகு, பட்ட மரம் எதுவும் மிஞ்சாது. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டுவது போல. இந்த விருந்தாளிகளுக்கோ அந்தக் குப்பைதான் வீடு.

பட்ட மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையை வண்டுப் புழுக்கள் குடையும். அவற்றைத் தேடி மரங்கொத்தி வரும். கூட்டுக்காகப் பொந்தும் போடும். அது விட்டுப்போன பொந்தில், சொந்தமாகக் குடையத் தெரியாத ஆந்தையோ கிளியோ குடியேறும். மரம் பாதையின் மேல் சாய்ந்து பயமுறுத்தினால் மேல்பாகத்தை மட்டும் வெட்டி அடிமரத்தை விட்டுவிடலாம். வெட்டிய துண்டுகளை நிழலில் போடுங்கள். அடியில் தேரையும் அரணையும் சேரும்.

வெறும் மண்ணும் கொஞ்சம் இருக்கட்டும். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அடை கட்டுவதில்லை, மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், திறந்த புல்வெளி ஒன்றில் வரிசையாக மரக்கன்று நட வைத்தேன். மரம் நட்டால் எப்போதும் நல்லதுதான் என்ற நினைப்பு. கன்றுகள் வளர்ந்ததும் காகமும் பருந்தும் அவற்றின் மேல் உட்கார்ந்து நோட்டம் விட்டன. தரையில் முட்டையிடும் பறவைகள் அந்தப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டன. புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டிருக்க வேண்டும்.

அதற்காகப் புல்லை வெட்டவே கூடாது என்பதில்லை. நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும், குஞ்சுகள் பறந்த பிறகு வெட்டுங்கள். நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் போக வேண்டும். ஓரத்திலிருந்து சுற்றிக்கொண்டே உள்ளே வந்தால், பயந்து ஒதுங்கிய உயிர்கள் எல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசிச் சுற்றில் அடிபடும்.

குளத்துக்கு ஒரு கரையாவது சரிவாக இருக்கட்டும். மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டை தப்பாது.

சரி, சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? மற்ற செடிகளை அமுக்கிப் பரவும் அயல் களைகள் இருக்கின்றன, விதை விழுமுன் பிடுங்குங்கள். அதையும் ஒரே நாளில் மொட்டையடிக்க வேண்டாம். வேறு புதர் கிடைக்காத பறவை அதற்குள்தான் கூடு கட்டியிருக்கும். கொஞ்சம் எடுத்து, அந்த இடத்தில் மண்ணுக்குரிய செடி தலைதூக்கியதும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.