கண்ணில் பிழையில்லை, ஆனாலும் பிள்ளை பார்ப்பதில்லை

"கண்ணுல ஒரு பிழையும் இல்லையாம். ஆனா என்ட முகத்தைப் பார்க்குதே இல்லை." கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்யும் நான் தாய்மாரிடம் அடிக்கடி கேட்பது இது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கண் அனுப்பும் செய்தியை மூளையால் சரியாகப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் அது மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு. வைத்தியர்கள் சிவிஐ என்பார்கள்.

பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்த பிள்ளைகள், குறைமாதப் பிள்ளைகள், பிறந்தவுடன் சீனி அளவு மிகவும் இறங்கியவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் என்றால் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கடினமாகும் நிலை) உள்ள பிள்ளைகளிடமும் அடிக்கடி காணலாம். கை கால் பயிற்சியிலேயே எல்லோருடைய கவனமும் போய், பார்வையை யாரும் கேட்காமல் விடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

முகத்தைப் பார்க்காத பிள்ளை, சுழலும் மின்விசிறியை விடாமல் பார்க்கும். சிவப்புப் பந்துக்குத் திரும்பும், வெள்ளைப் பந்தைக் கண்டுகொள்ளாது. பொருளை ஒருதரம் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டும். காலையில் பார்த்ததைப் பின்னேரம் களைப்பில் பார்க்காது. வீட்டில் ஓடித்திரியும் பிள்ளை புறக்கோட்டைச் சனநெரிசலில் அம்மாவை விடாமல் பிடித்துக்கொண்டு அழும். சில பிள்ளைகள் தனி எழுத்தை வாசிப்பார்கள், எழுத்து நிறைந்த பக்கத்தில் தடுமாறுவார்கள். சிலருக்குக் கீழ்ப்பக்கப் பார்வை குறைவு, படி இறங்கப் பயப்படுவார்கள். முன்பள்ளியில் இதற்கெல்லாம் கிடைக்கும் பெயர் பிடிவாதம். வீட்டில் அம்மம்மாவும் "வேணுமெண்டுதான் பார்க்காம இருக்கு" என்பார். பிள்ளை நடிக்கவில்லை. பார்வை நேரத்துக்கு நேரம் மாறுவது இந்தக் குறைபாட்டின் இயல்பு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு கறுப்புத் துணியை விரித்து, பிள்ளைக்குப் பிடித்த நிறத்தில் ஒரே ஒரு பொருளை வையுங்கள். மெல்ல அசைத்துக் காட்டுங்கள். அப்புறம் காத்திருங்கள், அரை நிமிடம்கூட ஆகலாம். அந்த நேரம் பேச வேண்டாம், டிவியும் வேண்டாம். கேட்டுக்கொண்டே பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். வெள்ளவத்தையில் வாகனச் சத்தம் நிறைந்த காலி வீதியோரம் இருப்பவர்களிடம் பின்பக்க அறையில் செய்யச் சொல்வேன். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைச் சோறு போட்டால் பிள்ளைக்குச் சோறு தெரியாது, கடும்நிறக் கோப்பை வாங்குங்கள். பக்கத்தில் போகுமுன் "அம்மா வந்திட்டன்" என்று குரல் கொடுங்கள். வாசிக்கும் பிள்ளைக்கு, மற்ற வரிகளை ஒரு மட்டையால் மூடிவிடுங்கள். இதையெல்லாம் குளிப்பாட்டும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் செய்தால் போதும், தனி வகுப்பு தேவையில்லை. மினுங்கும் விளக்குகளைக் காட்டிப் பயிற்சி கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. வலிப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆபத்தாகலாம், வைத்தியரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பல பிள்ளைகளில் காலப்போக்கில் பார்வை கூடி வரும். அதனால் சந்தேகம் வந்தவுடனேயே பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய கண் கிளினிக்கிலோ காட்டுங்கள். பிறந்தபோது தந்த டயக்னோசிஸ் கார்டையும், பிள்ளை வீட்டில் எப்படிப் பார்க்கிறது என்று போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். "மூளை சார்ந்த பார்வைப் பிரச்சினையாக இருக்குமா?" என்று நேராகவே கேளுங்கள். கண்ணாடி எழுதித் தந்தால் தவறாமல் போடுங்கள், இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கிட்ட உள்ளதைத் தெளிவாகப் பார்ப்பதும் சிரமம்.