ஸ்டியரிங் ஃபீல்: உணர்வா, உணர்த்தலா?

ஸ்டியரிங் ஃபீல் என்பதைத் தமிழில் 'திசைமாற்றி உணர்வு' என்று எழுதுகிறார்கள். அகராதியை வைத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் கார் ஓட்டுவதை நேசிக்கிறவர்கள் எதை மனத்தில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அது இந்த இரண்டு சொல்லிலும் இல்லை, ரொம்ப நாளாக எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். வண்டி ஓடும்போது முன் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்ற செய்தி ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறதே, அதற்குப் பெயர்தான் ஸ்டியரிங் ஃபீல். சைக்கிளின் முன்கவை லேசாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் முன்சக்கரம் திரும்புகிற அச்சை அப்படித்தான் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து வைக்கிறார்கள், அதனால் டயர் ரோட்டைத் தொடும் இடம் அந்த அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது, நீங்கள் எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் தானாக நேராகப் பார்க்கிறது. இதோடு டயரின் ரப்பரும் சேர்ந்துகொள்கிறது. வளைவில் டயர் பக்கவாட்டில் தாங்கும் விசை, ரோட்டைத் தொடும் பரப்பின் நட்டநடுவில் விழுவதில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது. அதனால்தான் வளைவில் வேகம் கூடக்கூட ஸ்டியரிங் கையில் கனத்துக்கொண்டே வரும்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். பிடிப்பு தீரப்போகிற எல்லைக்குக் கிட்டே போகும்போது டயர் பரப்பின் பின்பகுதிதான் முதலில் வழுக்கத் தொடங்குகிறது. விசை விழும் இடம் முன்னால் நகர்ந்துவிடும், நேராக்கப் பார்க்கும் அந்த இழுப்பும் குறைந்துவிடும். டயரில் இன்னும் பிடிப்பு மிச்சம் இருக்கும்போதே, அதுவரை கனத்துக்கொண்டே வந்த ஸ்டியரிங் லேசாகிறது! வண்டி போய்விடவில்லை, போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் குதிரைத்திறனைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு இதைத் தேடுவது இதற்காகத்தான்.

இதில் பெரும்பாலோர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கனமான ஸ்டியரிங் என்றால் நல்ல ஃபீல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்போர்ட் மோடு பட்டனை அழுத்தினால் பல கார்களில் ஸ்டியரிங் இறுகும், ஆனால் ரோட்டைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியும் வராது, வளையத்தைத் திருப்ப மோட்டார் கொடுக்கும் உதவி கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள், எடை ஏறக்குறைய 725 கிலோ, பவர் ஸ்டியரிங்கே கிடையாது, அதன் ஸ்டியரிங் ஓடும்போது கனமும் இல்லை, ஆனாலும் ஃபீல் என்றால் இன்றைக்கும் அதைத்தான் காட்டுகிறார்கள். முன்பக்கம் எடை குறைவு, நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை. 2011-இல் போர்ஷே 911 எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மின்மோட்டாருக்கு மாறியபோது அதன் ரசிகர்கள் அவ்வளவு வருத்தப்பட்டதும் இதனால்தான். மாறியதற்கு நியாயம் இருந்தது: எண்ணெய் பம்பை என்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மின்மோட்டாருக்குத் திருப்பும்போது மட்டும் கரண்ட் போனால் போதும், எரிபொருள் மிச்சம். ஆனால் ரோடு சொல்வதில் எதைக் கைக்கு விடுவது, எதை வழியிலேயே அடக்குவது என்று இப்போது மென்பொருள் முடிவு செய்கிறது. நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் மெக்லாரன்காரர்களோ எண்ணெய்தான் வேண்டும் என்று பிடிவாதமாக அதிலேயே நின்றார்கள், எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

சரி, சொல்லுக்கு வருவோம். ஸ்டியர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது கப்பலின் சுக்கானைக் குறித்த சொல். கப்பலின் வலப்பக்கத்தை ஸ்டார்போர்டு என்கிறார்களே, அந்தக் காலத்தில் சுக்கான் துடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால் வந்த பெயர் அது. நம்மிடம் இருக்கும் 'சுக்கான்' என்ற சொல்லும் கடல்வழி வந்ததுதான், அரபியிலும் சுக்கான் என்றே பெயர். அதைப் பிடிப்பவர் சுக்கானி. பாட்டன் பூட்டன் எல்லாம் கப்பலேறி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊர் எங்களுடையது, வீட்டுத் தூண்கூட கப்பலில் வந்த பர்மாத் தேக்கு, எனவே கப்பலில் வந்த சொல்லைத் தமிழ் இல்லை என்று தள்ள எனக்கு மனம் வராது. ஒரு சின்னக் குழப்பம் மட்டும் உண்டு, எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் சுக்கான் என்றதும் சுண்ணாம்பு எடுக்கும் சுக்கான்கல் நினைவுக்கு வரும். எழுத்து ஒன்றுதான், பொருள் வேறு.

'திசைமாற்றி' தூய தமிழ், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசை மாற்றாமல் நேரே போகும்போதும் கையில் இருப்பது அதே வளையம்தானே. கானாடுகாத்தானிலிருந்து திருமயம் பக்கம் காலையில் ஆளில்லாத ரோட்டில் போகும்போது, சிறு ஒட்டுப்போட்ட இடமும், ஓரத்துச் செம்மண் தாரில் ஏறிக் கிடப்பதும் விரலுக்குத் தெரிகிறது. அங்கே எந்தத் திசையும் மாறவில்லை. சுக்கான் என்ற சொல்லில் பிடித்துச் செல்வதும் இருக்கிறது, திருப்புவதும் இருக்கிறது.

அடுத்து ஃபீல். தொடுதலால் அறிவதற்கு நம்மிடம் பழைய சொல் 'ஊறு', ஐம்புலன்களை எண்ணும்போது குறளில் வருவது அதுதான். பொருள் கச்சிதம், ஆனால் இன்றைக்கு ஊறு என்றால் தீங்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், காருக்கு வைக்க முடியாது. உணர்வு என்றால்? உணர்வு எனக்குள் நடப்பது. கார் பிரியர்கள் பாராட்டுவது தங்களுக்குள் நடப்பதை அல்ல, கார் செய்வதை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆனால் தமிழில் உணர்வது வேறு, உணர்த்துவது வேறு, தன்வினை பிறவினை என்று நமக்கு இலக்கணமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே 'சுக்கான் உணர்த்தல்' என்பது என் முடிவு. "அந்தக் காரின் சுக்கான் உணர்த்தல் பிரமாதம்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பாராட்டு ஓட்டுநரை விட்டுக் காருக்குப் போய்ச் சேரும்.

இந்த அறிவு நமக்குப் புதிதும் அல்ல. சங்கப் பாட்டில் தேரோட்டிக்கு வலவன் என்று பெயர், அவன் கையில் இருக்கும் வாருக்கு வள்பு. எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓட்டுகிறவரை இன்றைக்கும் சாரதி என்றுதான் மைக்கில் சொல்வார்கள். அவர் கையில் இருக்கும் கயிறு மாட்டுக்குக் கட்டளை கொண்டுபோவதற்கு மட்டும் அல்ல, மாடு முட்டுகிறதா, இழுவை தளர்கிறதா, எந்தப் பக்கத்து மாடு சோர்கிறது என்பதெல்லாம் அதே கயிற்றில்தான் அவருக்குத் திரும்பி வருகிறது. இரண்டு பக்கமும் பேச்சு போகும் கயிறு அது.

நான் வண்டி பழகியது பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய மாருதி 800-இல். அப்பச்சியிடம் வேலை பார்த்த டிரைவர் அண்ணன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். பயத்தில் நான் வளையத்தை நெரித்துப் பிடித்திருந்தேன். "தம்பி, ஸ்டேரிங்க இப்படி இறுக்காதீங்க, ரோடு சொல்றது கைக்கு வராது," என்றார். ஃபீல் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதும்போது சுக்கான் உணர்த்தல் என்று எழுதினாலும், பேசும்போது நான் அவர் வழிக்குத்தான் போவேன்: "ரோடு கைக்கு வருது."

அப்புறம் பக்கத்துச் சொற்கள். ஒன்றையும் சொல்லாத ஸ்டியரிங்குக்கு 'மரத்துப்போனது' என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்காது, கை மரத்துப்போவதை அறியாதவர் யார்? பள்ளத்தில் விழும்போது வளையம் வெட்டி இழுப்பது 'உதை'. வளையத்தை இரண்டு விரல் அளவு திருப்பியும் சக்கரம் அசையாமல் இருந்தால் அது 'ஆட்டம்', ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சொல்லும் சொல். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் இந்த ஆட்டத்தையும் நடுக்கத்தையும் ஃபீல் என்று சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அது உணர்த்தல் அல்ல, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு என்ற மூட்டு தேய்ந்திருக்கும், தயவுசெய்து இந்த வாரமே காட்டிவிடுங்கள்.