குழந்தை வதை வழக்கில் தண்டனை குறைவாகத் தோன்றினால்: இங்கிலாந்து, வேல்ஸ் மறுஆய்வுத் திட்டம்

பெற்ற குழந்தையைப் பட்டினி போட்டு, அடித்துத் துன்புறுத்தியவருக்குச் சில ஆண்டுச் சிறையே விதிக்கப்பட்டது என்ற செய்தியைப் படித்து மனம் கொதிக்கும் எவரும், அந்தத் தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு, அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரலிடம் கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் இதற்கு வழிசெய்கிறது. கேட்பவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவும் தேவையில்லை, ஒருவர் கேட்டாலே போதும்.

வழக்கமான காலக்கெடு தண்டனை விதிக்கப்பட்டதிலிருந்து 28 நாள். அதற்குள் அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் வழக்கின் ஆவணங்களைப் பெற்று ஆராயவும் வேண்டியிருப்பதால், குற்றவாளியின் பெயர், நீதிமன்றம், தண்டனை நாள், குற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முதல் வாரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்: இத்திட்டம், கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் நீதிமன்றத்தின் தண்டனைகளுக்கே பொருந்தும். குழந்தை வதை வழக்கை அதற்குக் கீழுள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் விசாரிக்க முடியும்; அங்கேயே தண்டனை விதிக்கப்பட்டு முடிந்தால் இந்த வழி கிடையாது.

அட்டர்னி ஜெனரல் அனுப்பும் வழக்கை மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி விசாரிப்பதில்லை. தொடர்புடைய அனைத்தையும் கருத்தில் கொண்ட ஒரு நீதிபதி நியாயமாக விதித்திருக்கக்கூடிய எல்லைக்குக் கீழே தண்டனை விழுந்துவிட்டதா என்பதே அதன் கேள்வி. ‘நானாக இருந்தால் இன்னும் கூட்டியிருப்பேன்’ என்று மேல் நீதிபதிக்குத் தோன்றுவது மட்டும் போதாது. கேட்பவர்கள் பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். ஆயினும் இந்தக் கட்டுப்பாடு அவசியமானது என்றே நான் கருதுகிறேன்.

2020இல் மேற்கு யார்க்‌ஷயரின் கீத்லியில் 16 மாதக் குழந்தை ஒன்று, தாயுடன் உறவில் இருந்தவரால் கொல்லப்பட்டது. சாவுக்கு இடமளித்த தாய்க்கு, இளவயது, குறைந்த அறிவுத்திறன் ஆகியவற்றையும் கணக்கிலெடுத்து, முதலில் 8 ஆண்டு விதிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 12 ஆண்டாக உயர்த்தியது. எவ்வளவு கொடுமையானாலும், குற்றம் நடந்த காலத்தில் சட்டம் அனுமதித்த உச்சத்தைத் தாண்ட முடியாது. அக்குற்றத்துக்கு அப்போது உச்சம் 14 ஆண்டு. 2022 ஜூனில் அது ஆயுள் சிறையாகவும், குழந்தை வதைக்கான உச்சம் 10இலிருந்து 14 ஆண்டாகவும் உயர்ந்தன. அதற்கு முன் நடந்த கொடுமைகளுக்குப் பழைய வரம்பே பொருந்தும்.