பட்டைத் தோல் கைக்கு வளைவது எப்படி?

சென்னை பெரியமேட்டில் துண்டுத் தோல் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது: இது குரோமா, பட்டையா? அதாவது, குரோமிய உப்பால் பதனிட்ட தோலா, மரப்பட்டையால் பதனிட்ட தோலா? வீட்டில் உட்கார்ந்து கையாலேயே ஒரு கார்டு பர்ஸோ சாவிக்கொத்துப் பட்டையோ செய்ய ஆசைப்படுகிறவருக்குப் பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிவாகிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோல் சொட்டை உடனே உறிஞ்சி, அந்த இடம் கருத்துப்போகும். வெட்டிய ஓரத்தின் நடுவே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் குரோம்.

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் கயிறு திரித்தாற்போல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மூவிழை அமைப்பை 1954-ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ் கதிர் செலுத்திப் பார்த்தது கங்காருவின் வால் தசைநாரை. அது கிடைத்ததும் சென்னையிலேயே இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்துதான். தோலையும் அடிப்படை அறிவியலையும் இணைக்கும் இந்தக் கதை நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பச்சைத் தோலை ஈரமாக விட்டால் அழுகும், காயவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு விறைக்கும். பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவே வேறொரு பொருள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டை முறையில் அந்தப் பொருள் டானின். கடுக்காயைக் கடித்தால் வாய் துவர்த்து நாக்கு இழுக்கிறதே, அதுவும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடிப்பதால்தான். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தொட்டிகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது. பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டையும் சேர்ந்துகொண்டது.

குரோம் முறையில் குரோமிய உப்பு புரதச் சங்கிலிகளை இறுகக் கட்டிவிடுகிறது. கொதிநீரைக்கூடத் தாங்கும், மெத்தென்றும் இருக்கும். செருப்புக்கும் கைப்பைக்கும் அருமையான தோல். ஆனால் அதை அழுத்தி ஒரு வடிவம் கொடுத்தால் அந்த வடிவத்தில் அவ்வளவாக நிற்காது.

பட்டைத் தோல் நிற்கும். அதன் இழைகளைப் பிடித்துவைத்திருப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற மெல்லிய பிடிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீர் உள்ளே போனதும் அவற்றில் பல விட்டுக்கொடுக்கின்றன, இழைகள் நகர்கின்றன. அந்த நேரத்தில் அழுத்தி வளைத்துவிட்டால், காயும்போது புதிய இடத்தில் புதிய பிணைப்புகள் உண்டாகும். நனைத்த உடனே வேலையைத் தொடங்கக் கூடாது. நிறம் மெல்ல வெளுத்துப் பழையபடி திரும்பத் தொடங்க வேண்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர வேண்டும். பதம் அதுதான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கார்டு அடுக்கின் மேல் தோலைப் போர்த்தி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கி, இரவு முழுக்க நிழலில் விடுங்கள்.

அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்ட வேண்டாம். ஈரமான பட்டைத் தோல் ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கிவிடும். மூவிழை முறுக்கு அவிழ்ந்துபோனால் திரும்ப வராது. ஈரத் தோலில் இரும்புக் கிளிப்பும் மாட்டக் கூடாது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும், கழுவினாலும் போகாது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை செய்தது இதே வேதியியல்தான். வேண்டுமென்றே செய்தால் இதுவே நல்ல சாயம்: ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவைத்து, அந்த நீரைத் தடவினால் வெளிறிய தோல் கண்ணெதிரே கறுக்கும்.

ஓரத்தை மெருகேற்றுவதும் இழை வேலைதான். வெட்டிய ஓரத்தில் சிலும்பி நிற்கும் இழைகளை லேசாக நனைத்து வழவழப்பான மரத்துண்டால் வேகமாகத் தேய்த்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் அவை படிந்து பளபளக்கும். குரோம் தோலில் இது சரியாக வராது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

அப்புறம் தையல். இதில் கைத்தையலை எந்த இயந்திரத்துக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் தோலின் நடுவே கொக்கி போட்டுக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிமானம் போய்ப் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். கையால் தைக்கும்போது ஒரே மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைக்கிறோம். ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் இன்னொன்று அதே துளைகள் வழியாக முழுதாக ஓடிக்கொண்டிருக்கும். துளைகளைக் குத்தூசியால் சற்றுச் சாய்த்துப் போடுவது அழகுக்கு மட்டுமல்ல. நேர்க்கோட்டில் நீளவாக்கில் குத்தினால் துளைக்கும் துளைக்கும் நடுவே தோல் குறைந்து, இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே கிழியும். சின்னப் பர்ஸுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி போதும். முடிக்கும்போது வந்த வழியே இரண்டு துளை பின்னால் தைத்து நூலை ஒட்ட நறுக்குங்கள். பாலியெஸ்டர் நூல் என்றால் நுனியைத் தீயில் லேசாகக் காட்டி அழுத்திவிடலாம்.