ஒரு மணி நேரம் இன்ஜின் ஓட்டினால் பேட்டரி நிறையாது

மறுபடியும் அதே புகார். "சார், பேட்டரியில சார்ஜ் நிக்கல. வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டாங்க." படகிலேயே குடியிருக்கும் குடும்பம். தலா 100 ஆம்பியர்-மணி கொள்ளளவில் நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகள். மின்சாரம் இழுக்கும் ஒரு சுமையைப் போட்டு, நேரம் குறித்து பேட்டரியை இறக்கிப் பார்த்தேன். 400 இருக்க வேண்டிய இடத்தில் 150கூடத் தேறவில்லை. முழுதாக நிறையாமலே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் படியும் சல்ஃபேட் உப்பு இறுகிவிட்டது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. தினமும் எப்படி சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்: "சாயங்காலம் ஒரு மணி நேரம் தவறாம இன்ஜின் ஓட்டுவோம் சார். மீட்டர்ல 14 வந்துரும். ஃபுல்லானதும் நிறுத்திருவோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. படகு மின்வேலை செய்பவர் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார். கவனமாக, அக்கறையாக இருக்கிற வீடுகளில்தான் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜின் ஓடும்போது மீட்டரில் தெரியும் 14 வோல்ட், ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) கொடுக்கிற அழுத்தம். பேட்டரிக்குள் இருக்கும் இருப்பு அல்ல. பாதிக்கு மேல் காலியான பேட்டரியும் சிறிது நேரத்தில் 14 காட்டும். கெட்டுப்போன பேட்டரி இன்னும் சீக்கிரமே காட்டும், ஏனென்றால் அதற்கு வாங்கிக்கொள்ளும் சக்தியே போய்விட்டது. முன்பு முக்கால் மணி ஆனது, இப்போதெல்லாம் பத்து நிமிடத்தில் 14 வந்துவிடுகிறது என்று சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். தயவுசெய்து அதை அபாய மணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை நிறுத்திய கையோடு மீட்டரைப் பார்ப்பதிலும் பயனில்லை. 13க்கு மேல் நிற்கும் அந்த எண் வெறும் மேல்பூச்சு. விளக்கைப் போட்டதும் இறங்கிவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் சார்ஜும் இல்லாமல், சுமையும் இல்லாமல் மூன்று நான்கு மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டுவிட்டுப் பாருங்கள். 12.7 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2க்குப் பக்கத்தில் என்றால் பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் ஏற்கெனவே சேதம் தொடங்கிவிட்டது. நிறைவுக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்தான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். பேனலில் இருக்கும் முள் மீட்டரில் அந்த வித்தியாசம் ஒரு முள்ளின் தடிமன்தான்.

நிறைந்ததா என்று சொல்வது வோல்ட் இல்லை, ஆம்பியர். 14.4 வோல்ட்டில் நிற்கும்போது பேட்டரிக்குள் போகும் கரன்ட் மெல்ல மெல்லக் குறைந்து, கொள்ளளவில் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு வர வேண்டும். 400 ஆம்பியர்-மணி என்றால் 4 முதல் 8 ஆம்பியர். அதுவரை அது நிறையவில்லை. பாதியிலிருந்து 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். கடைசி 20 சதவீதத்துக்கு மட்டும் நான்கைந்து மணி நேரம் ஆகும். பழைய பேட்டரியில் அதற்கும் மேல். "பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் சீக்கிரம் ஏறுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஏறாது. கடைசிப் பகுதியில் வேகத்தை முடிவு செய்வது பேட்டரி. நீங்கள் எதை மாட்டினாலும் அது வாங்குவதைத்தான் வாங்கும்.

இப்போது அந்தக் குடும்பத்தின் ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் ஓடும்போது நான்கைந்து ஆம்பியர் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் ஒரு நாளைக்கு 45 ஆம்பியர்-மணி. லேப்டாப் ஐந்து மணி நேரம், சுமார் 24. விளக்கு, தண்ணீர் பம்ப், செல்போன் எல்லாம் சேர்த்து 16. எதுவும் மாட்டாமலேயே இரவு பகலாக ஆன் ஆகியிருந்த இன்வெர்ட்டர், மணிக்கு ஓர் ஆம்பியர் வீதம் 24. மொத்தம் 109. ஒரு மணி நேரம் இன்ஜின் ஓட்டியதில் உள்ளே போனது 50 இருந்தால் அதிகம், அதிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. வேறு சார்ஜ் இல்லாத நாளெல்லாம் பாதிக்கு மேல் பற்று. பேட்டரி ஒருநாளும் நிறைந்ததில்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிது.

முதலில் ஒரு ஷன்ட் (ஓடும் கரன்ட்டை அளக்க உதவும் உலோகத் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அது எண்ணும். நெகட்டிவ் பக்கத்தில், எல்லா வயரும் அந்த ஷன்ட்டைத் தாண்டித்தான் பேட்டரியைத் தொட வேண்டும். ஒரே ஒரு வயர் குறுக்கு வழியில் போனாலும் கணக்கு பொய்யாகிவிடும். அது காட்டும் சதவீதத்தையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். முதல் நாள் நீங்கள் அழுத்திய 400 என்ற எண்ணை வைத்துத்தான் அது வகுக்கிறது. பேட்டரி 250க்குச் சுருங்கியது அதற்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்து அந்த எண்ணைக் குறைக்க வேண்டும்.

இன்ஜினை மாலையில் ஓட்டாதீர்கள், காலையில் ஓட்டுங்கள். மாலையில் ஓட்டினால் அரைகுறையாக ஏறிய பேட்டரி இரவு முழுக்க இறங்குகிறது. காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டி 80க்குக் கொண்டுவந்துவிட்டால், மீதி மெதுவான வேலையைச் சோலார் பேனல் பகல் முழுக்கச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வேலைக்குச் சிறிய பேனலே உதவும். ஆனால் அதன்மேல் கயிறோ கம்பமோ நிழல் விழக் கூடாது. ஓரத்தில் விழும் சின்ன நிழலே உற்பத்தியைப் பாதியாக வெட்டிவிடும். வெயில் குறைந்த மாதங்களில் பேனலை நம்ப முடியாது. அப்போது வாரம் ஒரு முறையாவது கரையிலிருந்து வரும் கரன்ட்டில் ஓர் இரவு முழுக்கச் சார்ஜரைப் போட்டு விடுங்கள்.

வீட்டு வேலைகளையும் இதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். "இன்ஜின் ஓடுதே" என்று ஆரம்பித்தவுடன் வாஷிங் மெஷினைப் போடுகிறார்கள். அந்த முதல் மணியில்தான் பேட்டரி அதிகமாக வாங்கும். நீங்கள் குறுக்கே நின்று பிடுங்கிக்கொள்கிறீர்கள். பேட்டரி வாங்குவது 60 ஆம்பியரிலிருந்து 25க்கு இறங்கட்டும். அப்போது ஆல்டர்னேட்டரில் மிச்சம் இருக்கும், துணியைப் போடுங்கள். மெஷினில் கரன்ட்டைத் தின்பது மோட்டார் அல்ல, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். இன்ஜின் சூட்டிலேயே தண்ணீர் காயும் தொட்டி உங்கள் படகில் இருந்தால், அந்த வெந்நீரை மெஷினில் ஊற்றிவிட்டுக் குளிர்நீர் ஓட்டத்தில் வையுங்கள். அயர்ன், வேக்குவம் கிளீனர் எல்லாம் அதே நேரத்தில்.

கெட்டிலைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். 2000 வாட் கெட்டில் நான்கு நிமிடத்துக்கு எடுப்பது 12 ஆம்பியர்-மணிதான். அதில் பயப்பட வேண்டியது வேறு: அந்த நான்கு நிமிடமும் 180 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. வயர் மெலிந்திருந்தாலோ நட்டு தளர்ந்திருந்தாலோ அங்கே சூடேறி உருகும். கேஸ் அடுப்பு இருக்கிறது, அதில் தண்ணீரைக் காய வையுங்கள். உண்மையில் பேட்டரியைக் கரைப்பது ஃப்ரிட்ஜும் சும்மா இருக்கும் இன்வெர்ட்டரும். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் காற்றோட்டம் விடுங்கள், தூசியைத் துடையுங்கள், சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதீர்கள். இன்வெர்ட்டரை வேலை முடிந்ததும் அணையுங்கள்.

"லித்தியம் போட்டா பிரச்சினை தீருமா?" சல்ஃபேட் பிரச்சினை தீரும். ஆனால் பழையதைக் கழற்றிவிட்டு அதே வயரில் புதியதை மாட்டினால் தீராது. லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கும், ஆல்டர்னேட்டர் கருகும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு போகும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையில், கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்காதீர்கள். பழையது புதியதையும் கீழே இழுத்துவிடும். பேட்டரிகளை இணையாகக் கோத்தால் பாசிட்டிவை ஒரு முனையிலும் நெகட்டிவை மறுமுனையிலும் எடுங்கள். திறந்த வகை பேட்டரி என்றால் சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். அறையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சார்ஜரை உடனே நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மூடிய அறைக்கு அருகில் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது. படுக்கும் இடத்தில் அலாரம் மாட்டி, அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பும் இதே பேட்டரியில்தான் ஓடுகிறது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்குக் கரன்ட் போகும்படி, தனி ஃபியூஸோடு நேராக பேட்டரியிலிருந்தே இணைத்திருக்க வேண்டும். பல படகுகளில் அப்படி இல்லை. வெளியூர் கிளம்பும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பம்ப்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓடவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள்.