பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் வாங்குவோரும் வைத்திருப்போரும் அறிய வேண்டியவை

புதிய சிறிய கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாக ஒரு பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கிடைக்கும்போது ஆசைப்படாமல் இருப்பது கடினம். இ90 என்ற குறியீட்டால் அறியப்படும் தலைமுறையைச் சொல்கிறேன். 2005இல் ஜெர்மனியில் அறிமுகமான இந்தக் கார், 2007இல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்நிறுவனம் தொடங்கிய ஆலையிலும் பூட்டப்பட்டது என்பதால், தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் கணிசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுவதற்கு இதைப் போன்ற செடான் இப்போதும் அரிது என்பதே என் எண்ணம். ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டுமே. உதிரிபாகங்களின் விலையும் அதைக் கழற்றி மாட்டும் வேலையின் அளவும் இறங்கவில்லை.

உற்பத்தியாளர் வகுத்துத் தரும் சர்வீஸ் இடைவெளிகள், புதுக் கார் வாங்கிச் சில ஆண்டுகளில் விற்றுவிடும் முதல் உரிமையாளருக்குப் பொருந்துபவை. மூன்றாவது, நான்காவது கைக்கு வந்துவிட்ட காரை அதே கணக்கில் ஓட்டுவதுதான், பட்டறையில் நான் பார்க்கும் பெரிய செலவுகள் பலவற்றின் தொடக்கம். டேஷ்போர்டில் ‘அடுத்த சர்வீஸ் இத்தனை கிலோமீட்டரில்’ என்று தெரியும் எண்ணை நம்பினால் இன்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளி 25,000 கிலோமீட்டரைத் தொடும். நம் ஊர் வெயிலிலும், அண்ணா சாலை போன்ற இடங்களில் நின்று நின்று நகரும் போக்குவரத்திலும் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும் என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். டீசல் காருக்கு பி.எம்.டபிள்யூ. வகுத்த லாங்லைஃப்-04 என்ற தரத்தில் 5டபிள்யூ-30 ஆயில் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அந்தத் தரக்குறிப்பு டப்பாவின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘எல்லா டீசலுக்கும் ஏற்றது’ என்ற வாசகம் போதாது.

ஆயில் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம், வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின். இந்தியாவில் அதிகம் விற்ற 320டி மாடல்களில் உள்ள என்47 என்ற 2 லிட்டர் டீசல் இன்ஜின் 2007இல் வந்தது. பெரும்பாலான இன்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் டைமிங் செயின், இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. கிராங்க்ஷாஃப்டிலிருந்து டீசல் பம்புக்கு ஒரு செயினும், அங்கிருந்து கேம்ஷாஃப்டுகளுக்கு இன்னொரு செயினும் போகின்றன. செயினும் அதைத் தாங்கும் கைடுகளும் தேய்வது உலகெங்கும் அறியப்பட்ட குறை. 2009 தொடக்கத்துக்கு முன் தயாரான இன்ஜின்களில் இது மிகுதி. பின்னால் வந்தவை முற்றிலும் தப்பிவிட்டன என்று சொல்வதற்கில்லை. செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பிறகு பேச வேண்டியது இன்ஜினைச் சரிசெய்வதைப் பற்றியல்ல, வேறு இன்ஜின் தேடுவதைப் பற்றித்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் காதே முதல் கருவி. இரவு முழுவதும் நின்று ஆறிய காரைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்கு அருகில், இன்ஜினின் பின் ஓரத்தில் காதை வைக்க வேண்டும். டீசல் இன்ஜினுக்கே உரிய தட்டல் மேலே இன்ஜெக்டர் பக்கத்திலிருந்து வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதற்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கமிருந்து, சிரட்டையைக் கத்தியால் சுரண்டுவது போன்ற ஓர் ஒலி சீரான இடைவெளியில் கேட்டால், ஐடிலிலும் 1,500 ஆர்.பி.எம். வரையிலும் அது தெளிவாகப் பின்தொடர்ந்தால், அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. கியர்பாக்ஸையோ முழு இன்ஜினையோ இறக்காமல் அந்த இடத்துக்குக் கை எட்டாது என்பதால், செயின், கைடு, டென்ஷனர் அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் சரி. கூலியை மிச்சப்படுத்த மேல் செயினை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கிராங்க்ஷாஃப்டின் பல்சக்கரம் தனியாகக் கழலாமல் ஷாஃப்டோடு சேர்ந்தே இருப்பதால், அந்தப் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கார் வாங்கப் போகும்போது, நாம் வருவதற்குள் விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புவது நல்லது.

அடுத்தது தண்ணீர். இ90 காரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது என்பது பலருக்கும் தெரியாது. எச்சரிக்கை விளக்கு எரியும்போது வெப்பம் ஏற்கெனவே எல்லை மீறியிருக்கும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைவதற்கு அதன்பின் அதிக நேரம் தேவையில்லை. இந்தக் கார்களுக்குரிய நீல நிறக் கூலன்டைக் கனிமம் நீக்கிய தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். நடைமுறையிலோ, கூலன்ட் அளவு குறைந்தால் வாட்ச்மேனிடம் வாளி கேட்டு போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சென்னையின் உப்புத் தண்ணீர் உள்ளே என்ன செய்கிறது என்பதை, ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றினால் பிளாஸ்டிக் கழுத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கே காட்டிவிடும். பத்தாண்டு கடந்த காரில் எக்ஸ்பான்ஷன் டேங்க், மூடி, ஹோஸ்கள் ஆகியவற்றை ஒழுகும் வரை காத்திராமல் மாற்றிவிடலாம். அவற்றின் மொத்த விலை, ஹெட்டை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

325ஐ, 330ஐ போன்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் வாட்டர் பம்ப் பெல்ட்டால் சுழல்வதில்லை, மின்சாரத்தால் இயங்குகிறது. பெரும்பாலும் சத்தமோ ஒழுகலோ இல்லாமல் ஒரு நாள் அப்படியே நின்றுவிடும். அதை மாற்றும்போது இரண்டு தவறுகள் சர்வசாதாரணமாக நடக்கின்றன. இன்ஜின் பிளாக்கில் மெக்னீசியக் கலவை இருப்பதால் பம்பைப் பிடிக்கும் போல்ட்டுகள் அலுமினியத்தில் செய்யப்பட்டவை. ஒரு முறை கழற்றினால் புதிது போட வேண்டும். கடையில் கிடைக்கும் இரும்பு போல்ட்டைப் போட்டால் அந்த இடம் அரித்துப்போகும். இரண்டாவது, கூலன்டுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் விடுவது. இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஹீட்டரை அதிகபட்ச வெப்பத்திலும் காற்றைக் குறைந்தபட்ச வேகத்திலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி முழுமையாக அழுத்திப் பிடித்தால், பம்ப் தானே சுமார் பன்னிரண்டு நிமிடம் ஓடிக் காற்றை வெளியேற்றும். இதைச் செய்யாமல் அனுப்பப்பட்ட கார், புதுப் பம்போடு மறுபடியும் சூடேறித் திரும்பி வரும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று இன்றும் சில பட்டறைகளில் சொல்கிறார்கள். காரின் சர்வீஸ் அட்டவணையில் அதற்கு இடைவெளி குறிப்பிடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்டிக் அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பாகமாக வருவதால் இரண்டும் சேர்ந்தே மாறும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். அதற்கு ஸ்கேனர் அவசியம். சில இ90 கார்களில் இசட்.எஃப். அல்லாமல் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ் இருப்பதால், எது இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் ஆயில் வாங்கக் கூடாது.

டிக்கியின் வலப்பக்கம் இருக்கும் பேட்டரியை மாற்றினால், புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்யாவிட்டால் சார்ஜ் ஏற்றும் அளவைப் பழைய பேட்டரியின் கணக்கிலேயே கார் தீர்மானிக்கும். புதியதன் ஆயுள் குறையும். பேட்டரி இறங்கிப்போன காரை லாரியின் 24 வோல்ட்டில் ஸ்டார்ட் செய்ய முயல்வது அதைவிடப் பெரிய ஆபத்து. முன் காலடிப் பகுதியில் உள்ள எஃப்.ஆர்.எம். என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்னழுத்தம் தாறுமாறாகும்போது தன் தரவை இழந்துவிடும். விளக்குகளும் கண்ணாடிகளும் ஒருசேர வேலைசெய்யாமல் போவதற்கு அதுவே காரணமாகப் பலமுறை இருந்திருக்கிறது.

காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்களின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் நம் சாலைகளின் குழி ஒவ்வொன்றும் முன் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களில்தான் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால், டிஸ்க்கைக் கடைவதற்கு முன் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உதிரிபாகம் வாங்கும்போது ‘2010 மாடல் 320டி’ என்று மட்டும் சொன்னால் தவறான பாகம் வரவே வாய்ப்பு அதிகம். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் அந்தக் காருக்கு உரிய பாக எண் கிடைக்கும். அதே எண்ணைக் கொண்டு லெம்ஃபோர்டர், மாலே, எல்ரிங் போன்ற தயாரிப்பாளர்களின் பாகங்களை, பி.எம்.டபிள்யூ. முத்திரை இல்லாமல், குறைந்த விலைக்கு வாங்கலாம். தரத்தில் நான் குறை கண்டதில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களை நான் முற்றாக ஒதுக்குவதில்லை. கதவுக் கண்ணாடி, இருக்கை, டேஷ்போர்டு ஓரங்கள், ஏன் ஹெட்லைட்டைக்கூட அங்கே வாங்கலாம். ரப்பர், வாட்டர் பம்ப், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றை வாங்கவே கூடாது.

வாங்குவதற்கு முன் டிக்கியின் அடிப்பாயையும் முன் காலடிக் கம்பளத்தையும் தூக்கிப் பார்க்க வேண்டும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கம்பளத்தின் அடியில் உள்ள பஞ்சை அழுத்தினால் ஈரம் தெரியலாம். இருக்கை நட்டுகளில் துருவும் ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பும் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்தாலும் இதே இடம் நனையும் என்பதால், ஈரத்தைக் கண்டவுடன் வெள்ளம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

டெல்லிப் பதிவுள்ள டீசல் கார்கள் மலிவாக வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் இட்ட உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அத்தகைய காரை வாங்கினால் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். பதிவாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆன கார் எந்த ஊர்ப் பதிவாக இருந்தாலும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், இறக்குமதி செய்த காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. 2010 பதிவுள்ள காரை இப்போது பேசி முடிப்பவர், எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை எடுத்துத் தரும் பொறுப்பு யாருடையது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.