எது குகை, எது குடைவரை?

"எல்லோராவின் 16ஆம் குகையில் உள்ள கைலாசநாதர் கோயில்" என்று பயணக் கட்டுரைகள் விடாமல் எழுதுகின்றன. அந்த முற்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தலைக்கு மேலே வானம்தான். கூரை இல்லாத குகை எங்காவது உண்டா?

குகை வடசொல், மறைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தமிழில் அளை, முழை, விடர் எல்லாம் உண்டு. 'புலி சேர்ந்து போகிய கல்லளை' என்று புறநானூற்றுத் தாய் தன் வயிற்றைச் சொன்னாளே, அந்த அளைதான். இவை தாமாக அமைந்தவை. குடைவரை வினைத்தொகை, வரை என்றால் மலை. உளி பட்ட இடம். வேர்க்கதை இவ்வளவுதான்.

'குகைக்கோயில்' என்றால் எல்லாருக்கும் புரியும், குடைவரை புலவர் தமிழ் என்கிறார்கள். சரி, என்ன புரிகிறது? மலையில் ஏற்கெனவே ஒரு பொந்து இருந்தது, யாரோ அதில் சாமியை வைத்துவிட்டார்கள் என்றுதானே? மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் நான்முகனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் எடுத்த கோயில் என்று பெருமைப்படுகிறது. நாம் அதைப் பொந்தாக்கி விடுகிறோம்.

சித்தன்னவாசலில் ஒரே குன்றில் இரண்டும் இருக்கின்றன. கிழக்கே ஏழடிப்பட்டம், இயற்கைக் குகை. மலை கொடுத்த இடத்தைச் சமண முனிவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். படுக்கைக்கு மட்டும் கல்லை வழவழப்பாக்கியிருக்கிறார்கள். மேற்கே அறிவர் கோயில், குடைவரை. தூண், கருவறை, தாமரைக்குள ஓவியம். உடைமையே வேண்டாம் என்ற சமயம் கற்படுக்கையிலிருந்து சித்திர மண்டபத்துக்கு எப்படி வந்தது? அங்கே போகிறவர் யோசிக்க வேண்டியது இதைத்தான். இரண்டையும் குகை என்று எழுதினால் கேள்வியே எழாது.

இலங்கையில் தம்புள்ளைக்குக் குகைக்கோயில் பொருத்தமான பெயர். பாறைக் கவிகைக்கு அடியில் சுவர் எழுப்பிய இடம் அது. அங்கே தாராளமாக எழுதுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் குடைவரை என்றே எழுதும் தமிழ்ப்பற்றாளர்கள் இருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலும் மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் உள்ளே குடைந்ததோடு நிற்கவில்லை. வெளிப்புறத்தையும் செதுக்கி ஒரே பாறையிலிருந்து கோயிலாக எடுத்தவை. ஒற்றைக்கல் கோயில் என்ற நல்ல சொல் இருக்கிறது. (அவை ரதமும் இல்லை, பாண்டவருக்கும் சம்பந்தமில்லை, அது தனிப் புலம்பல்.) ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய கைலாசநாதரும் இந்த வகைதான். 16 என்பது பிற்காலத்தவர் அடையாளத்துக்காக வரிசையாக இட்ட 34 எண்களில் ஒன்று. ஆங்கிலப் பலகையில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் சொல்லை அப்படியே பெயர்க்கிறவர்கள் ஒரு புகைப்படத்தையாவது பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? '16ஆம் எண் கோயில்' என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.